பெயர் தேடும் பயணம்

திருவனந்தபுரத்துக்குச் செல்லும் தமிழர் எவரும் கிழக்குக் கோட்டை வாயிலைக் காணாமல் திரும்புவதில்லை. அவ்வாயிலுக்கு அண்மையில் பழவங்காடி என்னும் பகுதி இருக்கிறது. அங்காடி என்ற சொல் நமக்குப் புதிதன்று. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பழந்தமிழ் இலக்கியம் நமக்கு முன்பே அறிமுகப்படுத்தியிருக்கிறது. பழவங்காடியை நெருங்கும்போதே தேங்காய்கள் உடைபடும் ஓசை நம் செவியில் விழும். அங்கே கோயில் கொண்டுள்ள கணபதிக்குத் தேங்காய் உடைப்பதே தலையாய நேர்த்தி.

இக்கோயிலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதன் பராமரிப்பு இந்திய இராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதற்குக் காரணம் என்ன? திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரமாக இருந்த காலத்தில், அக்கோட்டையைக் காவல் புரிந்த நாயர் படையைச் சேர்ந்த ஒரு சிப்பாய் சிறு கணபதி விக்கிரகம் ஒன்றை வைத்து வழிபட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிப் படையும் இடம் பெயர்ந்தபோது விக்கிரகமும் உடன் வந்தது; பழவங்காடியில் நிலைபெற்றது. இந்தியா விடுதலை பெற்ற பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைகள் இந்தியப் படையோடு இணைந்தன. பழைய நாயர் படை மதராஸ் ரெஜிமெண்டின் 9-ஆம் பட்டாளமாயிற்று. கணபதியும் அவ்வாறே இந்திய இராணுவத்தின் பாதுகாப்பில் வந்தார்.

இப்பொழுது ஒரு சிறு வினா. விக்கிரகம் இருக்கிறது, படையின் வரலாறு இருக்கிறது, மன்னர்களின் பெயர்களும் இருக்கின்றன. அந்தச் சிப்பாயின் பெயர் எங்கே? அவர் எந்த ஊரினர்? எந்தத் தாயின் மகன்? கதை அவரை 'ஒரு சிப்பாய்' என்று மட்டுமே அழைக்கிறது. இந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோன மனிதர்கள் எத்தனை இலட்சம் பேர்! அவர்களுள் ஒருவரை, போருக்குச் சென்று திரும்பாத ஒருவரை, இன்று நாம் தேடிக் கண்டறிய முடியுமா? முடியுமாயின் எவ்வழியில்? இவற்றையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

பண்டைத் தமிழர் இவ்வகையில் நம்மைக் காட்டிலும் விழிப்போடு இருந்தனர் எனலாம். போரிலோ ஆநிரை மீட்பதிலோ உயிர் நீத்த வீரனுக்கு அவர்கள் கல் நட்டார்கள். அக்கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை உள்ள படிகளைத் தொல்காப்பியம் முறையாகக் கூறுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று அறிஞர் கருதுகின்றனர். அவற்றுள் ஒரு கல் சில சொற்களே உடையது. ஆயினும் மாண்டவன் பெயர், ஊர்ப் பெயர், நிகழ்ந்த பூசல் ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. ஒரு சிப்பாயின் வாழ்வைத் தேடுவோர்க்கு வேண்டுவனவும் இம்மூன்றே: பெயர், ஊர், நிகழ்ச்சி.

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் இந்த மரபைச் சிதைத்துவிட்டன. முதல் உலகப் போரில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பணி புரிந்தனர். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் 25 இலட்சம் பேர் கொண்ட இந்தியப் படை எழுந்தது. 87,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63-ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் தாங்கா கடற்கரையில் இறங்கிப் போரிட்டது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் ஆப்பிரிக்கக் கடலோரத்தின் போர்ச் செய்தியில் இடம் பெற்றது. அங்கே விழுந்தவர்களின் வீடுகளுக்கோ ஒரு தந்தியோ, ஒரு கடிதமோ, அல்லது சில வேளைகளில் வெறும் மௌனமோதான் வந்து சேர்ந்தது.

தமிழ் நாட்டின் சில ஊர்களில் பழைய கட்டடங்களின் சுவரில் முதல் உலகப் போரின் நினைவாகப் பதித்த கல்வெட்டுகளை நாம் காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர். அவர்களுள் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்று அவை கூறும். இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பெயரும் இராது. அக்கல்லைப் பதித்த நாளில் அதன் குறை எவருக்கும் தோன்றியிராது. அந்த ஐவர் யார், அந்த எழுவர் யார் என்பது ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். நூறு ஆண்டுகள் கழிந்தன. தெரிந்தவர்கள் மறைந்தார்கள். எண் மட்டும் எஞ்சியது.

இக்குறை ஊர்க் கல்லோடு நிற்கவில்லை. மெசபடோமியா எனப்பட்ட ஈராக்கில் 1914 முதல் 1921 வரை மாண்டு, புதைத்த இடம் அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காகப் பஸ்ராவில் 1929-இல் ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ ஒவ்வொரு படைப்பிரிவின் கீழும் எண்ணிக்கை மட்டுமே இடப்பட்டது. அதே காலத்தில், 1927-இல், பிரான்சு நாட்டின் நேவ் சாப்பெல் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட சின்னத்திலோ 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இடம் பெற்றன. ஐரோப்பிய மண்ணில் மாண்ட சிப்பாய்க்குப் பெயர் கிடைத்தது; ஆசிய மண்ணில் மாண்டவனுக்கு எண் கிடைத்தது.

போரில் இறந்தோர் அனைவரையும், பதவியும் குலமும் சமயமும் பாராமல், ஒரே வகையில் நினைவுகூர வேண்டும் என்பதே 1917-இல் தோன்றிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. இன்று அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று வழங்குகிறது. அந்த ஆணையமே அமைத்த ஒரு குழு 2021-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் மற்றவர்களுக்குச் சமமான முறையில் நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் கூறியது. ஆணையம் இதற்காக மன்னிப்பும் கோரியது. நூறாண்டு தாழ்ந்து வந்த மன்னிப்பாயினும், பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பணிக்கு அது வழி திறந்தது.

ஆகவே, நம் குடும்பத்தில் ஒருவர் போருக்குச் சென்று திரும்பவில்லை என்றால், தேடுவது வீண் முயற்சி என்று எண்ண வேண்டுவதில்லை. தேடலை எங்கிருந்து தொடங்குவது? வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கம் கிடக்கக்கூடும். அதன் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறோம். முதல் உலகப் போர்ப் பதக்கமாயின் அதன் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே சிறு எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், அவர் துப்பாக்கி ஏந்தாமல் சுமை தூக்குதல் முதலிய துணைப் பணியில் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். அப்போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு வட்டமான பெரிய வெண்கலத் தகடு ஒன்றும் அனுப்பப்பட்டது. அதில் பெயர் மட்டும் இருக்கும், பதவி இராது. சாவில் யாவரும் சமம் என்பது அதன் கருத்து.

இவற்றுள் மிகவும் பயன் தருவது எண்ணே. பெயரை மறந்தாலும் எண்ணை மறக்கலாகாது. முனியசாமிகளும் சின்னச்சாமிகளும் ஒரே பட்டாளத்தில் பலர் இருப்பார்கள். எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

அடுத்து வருவது பெயரின் சிக்கல். நம் பெயர்களை எழுதிக்கொண்ட எழுத்தர்க்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. செவியில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் அவர் பதிந்தார். நம் சிறப்பெழுத்தாகிய ழகரம் ஒருவர் கையில் லகரமாயிற்று. மற்றொருவர் கையில் யகரமாயிற்று. சுப்பிரமணியம் என்ற ஒரே பெயர் நான்கைந்து வடிவம் கொண்டது. தந்தை பெயர் சில ஏடுகளில் முதலில் வந்தது. சிலவற்றில் பின்னே சென்றது. சிலவற்றில் சாதிப் பெயரே ஆளின் பெயர் போல் நின்றது. எனவே ஒரு வடிவத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிடலாகாது. பெயரைப் பல வகையாக எழுதித் தேடவேண்டும். தந்தை பெயரும் ஊரும் ஒத்துவந்தால் நாம் தேடுபவர் அவரே என்று பெரும்பாலும் தெளியலாம்.

ஊரின் பெயரும் நம்மை ஏமாற்றும். திருச்சிராப்பள்ளியும் திருநெல்வேலியும் தஞ்சாவூரும் பழைய ஏடுகளில் ஆங்கிலேயர் நாவுக்கு ஏற்ற உருவில் இருக்கும். அரசியல் எல்லைகளும் மாறிவிட்டன. பழவங்காடிக் கணபதி முதலில் இருந்த பத்மநாபபுரத்தையே பார்ப்போம். அது கல்குளம் வட்டத்தில் இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முன் அங்கிருந்து படைக்குச் சென்ற தமிழரின் ஊர், ஏட்டில் திருவிதாங்கூர் என்றே இருக்கும். இன்றைய மாவட்டத்தின் பெயரைக் கொண்டு தேடினால் அவர் அகப்படமாட்டார். அவர் பிறந்த ஊர் அங்கேயே இருக்கிறது. அதன் முகவரிதான் மாறியிருக்கிறது.

இவ்வளவும் திரட்டிக்கொண்ட பிறகு பதிவேடுகளுக்குச் செல்லலாம். இரண்டு உலகப் போர்களிலும் மாண்டோர் பட்டியலைப் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் யாவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பெயர், எண், பட்டாளம், இறந்த நாள், நினைவுச் சின்னம் ஆகியவற்றோடு, பல இடங்களில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊரினர் என்ற குறிப்பும் அதில் காணப்படும். விடுதலைக்குப் பின் நிகழ்ந்த போர்களிலும் படை நடவடிக்கைகளிலும் வீழ்ந்தோரின் பெயர்களைப் புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் காணலாம். திறந்த நாளில் அங்கே 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அங்கே தளபதிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஒரு கல் என்ற வேறுபாடு இல்லை.

பணி பற்றிய விவரம் வேண்டுவோர் அந்தந்தப் பட்டாளத்தின் ஆவண அலுவலகத்தை நாடவேண்டும். மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. மதராஸ் சாப்பர்கள் என்று புகழ்பெற்ற பொறியியல் படையின் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று தெளியாதவர், தம் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. ஊரிலிருந்து தேடுபவர்க்கு எட்டாத இடங்கள் பல உங்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. நாகாலாந்தின் கோகிமாவில் உள்ள போர்க் கல்லறையில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன. அதே வளாகத்தில், சமய முறைப்படி எரியூட்டப்பெற்ற 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவுச் சின்னமும் நிற்கிறது. மணிப்பூரின் மோரேயில் வாழும் தமிழர்கள் தலைநகராகிய இம்பாலுக்குச் செல்லும்போது அங்கேயும் இத்தகைய கல்லறைகளைக் காணலாம். மும்பையில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளுக்கு நினைவிடம் உண்டு. இவற்றைக் கண்டு வருவோர் தமிழ்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஊருக்கு எழுதினால், எங்கோ ஒரு வீட்டில் நெடுநாள் வினா ஒன்றுக்கு விடை கிடைக்கலாம்.

எரியூட்டப்பெற்றவர்க்குக் கல்லறை இல்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். கல்லறைகளின் வரிசையில் தேடி, இல்லை என்று திரும்புவோர் பலர். அவர்கள் பெயர்ச் சுவரையும் பார்க்கவேண்டும். பர்மாவில் மாண்டு, புதைத்த இடம் தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் யாங்கோனை அடுத்த தவுக்கியான் என்னுமிடத்துச் சின்னத்தில் இருக்கின்றன. மலேயாவிலும் சுற்றுப்புறத்திலும் மாண்டோர்க்குச் சிங்கப்பூரின் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய சுவர்கள் இருக்கின்றன.

பதிவேடுகளின் எல்லையையும் நாம் அறிந்திருக்கவேண்டும். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்திய வீரர்கள் சிறைப்பட்டனர். அவர்களுள் பலர் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழ் இளைஞர்களும் சேர்ந்தனர். அக்கொடியின் கீழ் வீழ்ந்தவர்களை ஆங்கிலேயர் ஏடுகள் தம் வீரர்களாக எண்ணவில்லை. அவர்களைத் தேடுவோர் புதுதில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளையும், அந்நாளைய மனிதர்கள் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளையும் நாடவேண்டும். விருது பெற்றவரைத் தேடுவது எளிது. 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் கண்ணி வெடியின்மேல் விழுந்து தோழர்களைக் காத்து உயிர் நீத்த மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியத்துக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. ஆதலால் அவர் செயல் ஏட்டில் நிலைத்தது. விருது பெறாதவருக்கு அவருடைய குடும்பத்தின் நினைவே ஏடு.

இறந்தார் என்ற செய்தியைக் காட்டிலும் கொடியது, காணவில்லை என்ற செய்தி. இறந்தவருக்கு ஈமக்கடன் உண்டு. காணாதவருக்கு அதுவும் இல்லை. தாய் வாசற்கதவைத் தாழிடாமல் உறங்குவாள். மனைவி பொட்டை அழிக்கவும் மனமின்றி, வைத்துக்கொள்ளவும் துணிவின்றித் தவிப்பாள். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, இயல்பாகச் செய்தி அறியவேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படாவிடில், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறியது. அதன் இடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விதியைக் காத்திருக்கிறது. சட்டத்துக்கு ஏழு ஆண்டுகள் போதும். மனத்துக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்று எந்தச் சட்டம் வரையறுக்கும்?

இதற்கு விடை கூறுவது போன்ற நிகழ்ச்சி ஒன்று அண்மையில் கேரள நாட்டில் நடந்தது. அது போர்க்களத்துச் சாவு அன்று. ஆயினும் பணியில் இருந்தபோது தொலைந்த சிப்பாய்களின் கதையே. 1968 பிப்ரவரி 7-ஆம் நாள், சண்டிகரிலிருந்து லே நகருக்குச் சென்ற விமானப்படையின் ஏ.என். 12 விமானம் ஒன்று 102 பேரோடு இமயமலையில் மறைந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2003-இல், மலையேறுவோர் கண்ணில் அதன் சிதைவுகள் பட்டன. இராணுவம் மீண்டும் மீண்டும் தேடியும் 2019 வரை ஐந்து உடல்களே கிடைத்தன. 2024 செப்டம்பர் இறுதியில் பனியாற்றில் மேலும் நான்கு உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

ஐம்பத்தாறு ஆண்டுகள் பனியில் கிடந்தவர்களை எவ்வாறு இன்னார் என்று அறிந்தார்கள்? ஒருவரை அவர் உடையில் இருந்த சம்பளப் புத்தகமே காட்டிக்கொடுத்தது. மற்றொருவரிடமிருந்த பணி ஆவணங்கள் அவர் பத்தனம்திட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று அறிவித்தன. மறைந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அவர் உடல் விமானத்தில் திருவனந்தபுரத்துக்கு வந்தது. நகரத்தின் பாங்கோடு படை முகாமில் மரியாதை செய்யப்பெற்று, 2024 அக்டோபர் 4-ஆம் நாள் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. அவரைப் பெற்றவர்கள் அந்நாளைக் காண உயிரோடு இல்லை. உடன் பிறந்தவர்கள் இருந்தார்கள். இளைஞனாகச் சென்றவன் இளைஞனாகவே திரும்பினான். வரவேற்றவர்கள் முதியவர்களாக நின்றார்கள்.

ஒரு சிறு புத்தகம், சில தாள்கள்: அவையே ஐம்பத்தாறு ஆண்டுகளின் மௌனத்தை உடைத்தன. பெயரை எழுதி வைப்பது எத்துணைப் பெரிய செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் வீட்டில் பாட்டியோ பெரியப்பாவோ இன்னும் இருந்தால், போருக்குச் சென்றவரைப் பற்றி இன்றே கேட்கவேண்டும். அவருடைய முழுப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், தந்தை பெயர், ஊர், பட்டாளம், எண், கடைசிக் கடிதம் வந்த இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். புகைப்படம் இருப்பின் அதன் பின்புறத்தில் பெயரைப் பென்சிலால் குறிக்கவேண்டும். அடையாளம் காட்டக்கூடிய கடைசி மனிதர் மறைந்த பின், அப்படத்தில் இருப்பவரும் 'ஒரு சிப்பாய்' ஆகிவிடுவார்.

பழவங்காடியில் இன்றும் தேங்காய்கள் உடைகின்றன. தேர்வு எழுதப்போகும் மாணவரும், வேலை தேடி வெளியூர் செல்லும் இளைஞரும், புதுமணத் தம்பதியரும் அங்கே வந்து வணங்கிச் செல்கின்றனர். அந்தச் சந்நிதிக்கு வித்திட்ட சிப்பாயின் பெயரை இனி நாம் அறிய வழியில்லை. நம் குடும்பத்துச் சிப்பாயின் பெயரை அறிய இன்னும் வழியிருக்கிறது. வீட்டிலுள்ள முதியவரிடமிருந்து அத்தேடலைத் தொடங்குவோமாக.